கிறிஸ்டன் நிகார்டு

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலை பூவிருந்தவல்லி வழியே செல்கின்றது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சரக்குகளைச் சுமந்த லாரிகளும், ஆவடி மக்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் அவ்வட்டாரச் சாலைகளில் இடையறாது ஓடுகின்றன. நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால், சுங்கச் சாவடியில் பலவகை ஊர்திகள் ஒரே வரிசையில் காத்து நிற்பதைக் காணலாம். இத்தகைய எளிய காட்சி ஒன்றைச் சிந்தித்தபொழுதே, கணினி உலகை மாற்றிய அரிய கருத்து ஒன்று பிறந்தது. அதனைக் கண்ட அறிஞர் இருவருள் ஒருவர் கிறிஸ்டன் நிகார்டு ஆவார்.

நிகார்டு நார்வே நாட்டின் தலைநகராகிய ஆசுலோவில் 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பிறந்தார். கணிதத்தில் பெருவிருப்பம் கொண்ட அவர், 1948இல் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். மனிதரும் பொறிகளும் கூடிச் செய்யும் வேலைகளைக் கணக்கிட்டு ஆராய்வது அவர்தம் பணியாயிற்று. 1960இல் நார்வே கணினி மையத்தில் சேர்ந்தார். ஆங்கு ஓலே யோகான் டால் என்னும் அறிஞர் அவருக்குத் துணையானார். இருவரும் கூடிச் 'சிமுலா' என்னும் கணினி மொழியை ஆக்கினர். அக்காலத்தில் வழங்கிய ஆல்கால் 60 என்னும் மொழியை அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. அதனையே அடித்தளமாகக் கொண்டனர்.

ஒரு நாள் அவர்களுக்கு ஓர் இடர் எழுந்தது. பாலத்தின் சுங்கச் சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் ஒரே வரிசையில் நிற்பதைக் கணினியில் அமைக்க வேண்டியிருந்தது. தனக்கு முன்னும் பின்னும் நிற்பவை எவை என்று அறிதல் எல்லா ஊர்திக்கும் பொது. சரக்கு லாரிக்கே உரியது; பயணிகள் பேருந்துக்கே உரியவர். பொதுவானவற்றை ஒவ்வோர் ஊர்திக்கும் மீண்டும் மீண்டும் எழுதுதல் வீண் உழைப்பன்றோ? 1966ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கு விடை கிடைத்தது. பொதுவானவற்றை ஒரு முறை எழுதி, அதனை ஒவ்வோர் இனமும் தன் முன்பகுதியாகப் பெறுமாறு செய்தனர். இதுவே பின்னாளில் மரபுரிமம் எனப் பெயர் பெற்றது.

ஆயினும், பெற்றதனை அப்படியே வைத்துக்கொள்வது மட்டும் போதாது. சுங்கம் கணக்கிடுதல் எல்லா ஊர்திக்கும் உரிய செயல் என்று கொள்வோம். லாரிக்குச் சுமையையும் பேருந்துக்கு இருக்கைகளையும் கொண்டு கணக்கிட வேண்டுமாயின், ஒரே முறை இரண்டிற்கும் பொருந்தாது. ஆகவே, செயலின் பெயரை மாற்றாமல், அதன் முறையை மட்டும் ஒவ்வோர் இனமும் தனக்கேற்ப வகுத்துக்கொள்ள 1967இல் அவர்கள் வழி செய்தனர். சாவடி இடும் கட்டளை ஒன்றே. லாரி தன் முறையிலும் பேருந்து தன் முறையிலும் விடை தரும். வேறு முறை வகுக்காத ஊர்தி, பொது முறையையே பின்பற்றும். நாளை புதியதோர் ஊர்தி வரினும் சாவடிக்குரிய நிரலைத் திருத்த வேண்டுவதில்லை. இதனை மேலெழுதல் என்பர். சிமுலாவின் வழிவந்த சி++, ஜாவா முதலிய மொழிகள் யாவும் இக்கருத்துகளை ஏற்றுக்கொண்டன.

புகழ் வந்தபொழுது நிகார்டின் உள்ளத்தில் ஒரு கவலையும் உடன் வந்தது. தொழிற்சாலை வேலைகளை மாற்றியமைக்கத் தம் மொழி பயன்படுவதை அவர் கண்டார். அம்மாற்றத்தால் தொழிலாளர் நிலை தாழ்ந்துவிடுமோ என்று அஞ்சினார். அஞ்சியதோடு நின்றாரல்லர். 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தை அடைந்து, அவர்களோடு கலந்து பணியாற்றினார். கணினியைத் தொழிலாளரும் அறிதல் வேண்டும்; அது தம் வேலையில் நுழையும் முறையை முடிவு செய்வதில் அவர்க்கும் பங்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. அம்முயற்சியின் பயனாக, அத்தகைய உரிமைகளைத் தரும் உடன்படிக்கைகள் நார்வேயில் உருவாயின.

கணினித் துறையின் தலைசிறந்த பரிசாகிய டூரிங் விருது, 2001ஆம் ஆண்டிற்கு நிகார்டு, டால் ஆகிய இருவருக்கும் வழங்கப்பெற்றது. 2002ஆம் ஆண்டு ஜூன் திங்களில் டால் மறைந்தார்; ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் நிகார்டும் மறைந்தார். உழைப்பில் இணைந்த நண்பர்கள் ஒரே ஆண்டில் உலகை நீத்தனர்.

இன்று அம்பத்தூரில் பட்டறைகளும் கணினி நிறுவனங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கு நிரல் எழுதும் இளைஞர் பலர், நிகார்டின் பெயரை அறியாமலே அவர் வகுத்த வழியில் நடக்கின்றனர். முன்னோர் தந்ததைப் போற்றிக் காத்தலும், காலத்திற்குப் பொருந்தாததைத் துணிந்து மாற்றுதலும் அவர் கணினிக்குக் கற்பித்த பாடங்கள். அம்மாற்றத்தால் உழைப்பவர் தாழாமல் காத்தல் அவர் தம் வாழ்வால் கற்பித்த பாடமாகும்.