சிப்பித்திட்டும் ஓர் ஆசிரியரும்

சிப்பி என்றவுடன் நம்மவர்க்கு முத்தே நினைவிற்கு வரும். மேலைக் கடற்கரை மக்களுக்கோ அது முதற்கண் உணவேயாகும். உண்ணத்தக்க அச்சிப்பியை ஆராயப் புகுந்து, கடல்வாழ் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறைமையை விளக்கிக் காட்டியவர், ஜெர்மானிய அறிஞராகிய கார்ல் மோபியஸ் என்பார்.

இவர் 1825-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள், பிரஷ்ய அரசின் சாக்சனி மாகாணத்து ஐலன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வண்டி செய்யும் தச்சர். மகனை ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்புவதே அக்குடும்பத்தால் இயன்ற கல்வியாயிற்று. பத்தொன்பதாம் வயதில் சீசன் என்னும் சிறுநகரில் ஆசிரியப் பணியேற்ற மோபியஸ், உலகஞ் சுற்றிய ஹம்போல்ட் என்னும் பேரறிஞரின் நூல்களைக் கற்று, இயற்கையாராய்ச்சியில் வேட்கை கொண்டார். ஐந்தாண்டுகளுக்குப் பின் பணியைத் துறந்து, பெர்லின் நகர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஊதியத்தை விட்டு மீண்டும் ஏடெடுத்து அமர்வதற்குத் தனித் துணிவு வேண்டும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தோர் அறிவர்.

கல்வி முடிந்தபின் 1853-ஆம் ஆண்டு முதல் ஹாம்பர்க் நகரப் பள்ளியில் கற்பித்தார். ஓய்வு நேரங்களில் கடலுயிர்களை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியின் சிறப்பால் 1868-இல் கீல் நகரப் பல்கலைக்கழகம் அவரை விலங்கியற் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

அக்காலத்தே பிரஷ்ய அரசினர் அவரிடம் ஒரு வினாவை ஒப்படைத்தனர். வடகடலின் கரையை அடுத்துச் சில்ட், அம்ரும் முதலிய தீவுகள் உள்ளன. அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் ஆங்காங்கே சிப்பித்திட்டுகள் இருந்தன. இருப்புப்பாதைகள் தோன்றியபின் சிப்பிகள் உள்நாட்டு நகரங்களுக்கும் விரைந்து சென்றன. விலை ஏறிற்று, வாரியெடுப்போர் ஊக்கமும் ஏறிற்று. திட்டுகளைப் பெருக்கவும், புதியனவற்றைப் படைக்கவும் இயலுமா என்பதே அரசினர் அறிய விரும்பியது.

மோபியஸ் திட்டுதோறும் சென்றார். இரும்பு வளையங்களாற் பின்னிய வாருவலையைக் கடலடியில் இழுத்து, மேலே வந்தனவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நோக்கினார். அவ்வலையில் சிப்பிகள் மட்டுமா இருந்தன? ஓடுகளின்மேற் கடற்பஞ்சுகளும் கொட்டலசுகளும் ஒட்டியிருந்தன. இடுக்குகளிற் குழாய்ப்புழுக்கள் குடியிருந்தன. நண்டு, நத்தை, நட்சத்திரமீன், கடற்சாமந்தி எனப் பல்வகை உயிர்களும் உடன் வந்தன. சேறும் மணலுமாகிய சுற்றுப்புறத்தில் இத்துணைக் கூட்டம் இல்லை. சிப்பியின் ஓடு பிறவுயிர்க்கு மனையாயிற்று. அவற்றுட் சில சிப்பிக்குப் பகையாகவும், சில அதன் உணவிற் பங்குகொள்வனவாகவும் இருந்தன.

சிப்பியின் வாழ்வோ வியத்தற்குரியது. தாய்ச்சிப்பி ஒன்று பத்து லட்சம் அளவிற் குஞ்சுகளை ஈனும். அவை சின்னாள் நீரில் மிதந்து திரிந்து, தூய்மையான வன்பொருள் ஒன்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பின் அவ்விடம் விட்டுப் பெயர்வதில்லை. சேற்றில் வீழ்ந்தவை மாயும். நீந்துங்காலத்தே பிறவுயிர்க்கு இரையாவன எண்ணில. பழைய சிப்பியோடுகளே குஞ்சுகள் பற்றுதற்கு உகந்த இடமாதலின், ஓடுகளையும் சேர்த்து வாரிச்செல்பவன், சிப்பியோடு அதன் வழித்தோன்றல்களுக்குரிய வீட்டையும் எடுத்துச் செல்கின்றான்.

பிரெஞ்சு நாட்டுக் கடற்கரைச் செய்திகளையும் மோபியஸ் ஆராய்ந்தார். அங்கே சிப்பிகளை அளவிறந்து வாரிய சில திட்டுகள் மீண்டும் சிப்பியால் நிரம்பவில்லை. மட்டி முதலிய பிறவுயிர்கள் ஒழிந்த இடத்தையும் எஞ்சிய உணவையும் கைக்கொண்டன. ஆகவே ஒரு திட்டின் இடம், உணவு, நீரின் உப்பு, வெப்பம் ஆகியவற்றிற்கேற்ப அதன் உயிர்கள் அனைத்தும் தம்முள் ஓர் அளவில் நிலைபெறுகின்றன என்றும், ஒன்றன் தொகை மாறின் மற்றவற்றின் தொகையும் மாறும் என்றும் தெளிந்தார். இக்கூட்டு வாழ்விற்கு அவர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ‘பயோசெனோசிஸ்’ என்று பெயரிட்டார். நாம் அதனை உயிர்க்குழுமம் எனலாம். 1877-இல் வெளியான அவர்தம் சிப்பித்தொழில் நூலில் இக்கருத்து இடம்பெற்றது.

அரசினர்க்கு அவர் தந்த விடை அவர்கள் விரும்பியதன்று. சேறும் பெயர்மணலும் நிறைந்த அக்கரையிற் புதிய திட்டுகளைப் படைத்தல் அரிது. உள்ள திட்டுகளை அளவறிந்து எடுத்துக் காத்தலே வழி என்றார். அரசு கேட்டது பெருக்கத்தை. ஆசிரியர் கூறியது அடக்கத்தை.

மொரீஷியஸ் தீவுவரை சென்று அங்குள்ள கடலுயிர்களையும் ஆராய்ந்த மோபியஸ், 1888 முதல் பெர்லினில் விலங்கியற் காட்சிச்சாலைத் தலைவராகத் தொண்டாற்றி, 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் கண்ட திட்டுகளோ இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிக்குள் அழிந்தொழிந்தன. 2020-ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் வடகடலின் போர்க்கும் மேட்டில் அவ்வினச் சிப்பியை மீண்டும் குடியேற்றத் தொடங்கினர். அவர்கள் முதலிற் செய்த வேலை, இளஞ்சிப்பிகள் பற்றி வளர்தற்கான வன்தளத்தைக் கடலடியில் இட்டதேயாகும்.