ஈட்டியதெல்லாம் ஈந்த இசைச்செல்வி

தாம் வளர்ந்த ஊரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துச் சென்று, தென்னாடெங்கும் அவ்வூருக்குப் புகழ் தேடித் தந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். நாம் கல்வி பயிலும் இந்நகரில் வளர்ந்து, சென்னையில் சீரும் சிறப்பும் பெற்று, காவிரிக்கரைத் திருவையாற்றில் மண்ணோடு கலந்தவர் அவர். முதற்பாதி வாழ்வில் அவர் பாடகி. பிற்பாதியிலோ, பிளவுண்டு கிடந்த இசைக் குடும்பத்தின் பெரிய மனுஷி.

1878ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி. ஆதரித்து வந்தவர் கைவிட, கைக்குழந்தையோடு தெருவில் நின்ற அத்தாய் மனம் தளரவில்லை. தாம் இழந்த மதிப்பை மகளின் கல்வி மீட்டுத் தரும் என நம்பினார். மைசூர்ப் பண்டிதர் ஒருவரிடம் குழந்தைக்கு வடமொழி கற்பித்தார். அங்கும் ஆதரவு நீங்கியபின் பெங்களூர் வந்து சேர்ந்தனர். வயலின் கலைஞரான உறவினர் ஒருவர் அடைக்கலம் தந்தார். கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் என மொழிகள் பல கற்ற நாகரத்தினம், தியாகராசரின் சீடர் வழியில் வந்த முனுசுவாமப்பாவிடம் இசை பயின்றார். மகளின் உயர்வைக் காணுமுன்பே தாய் கண் மூடினார். பதினைந்தாம் வயதில் மகள் அவையேறினார். தாயை வாட வைத்த மைசூரே பின்னர் மகளின் இசையைக் கேட்டு மகிழ்ந்தது.

பெங்களூரில் அவரது கலையைப் போற்றி ஆதரித்தவர் நீதிபதி நரஹரி ராவ். அனுமந்த நகரிலுள்ள நரஹரிராயர் குன்று இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. பின்பு நாகரத்தினம்மாள் சென்னையில் குடியேறினார். கச்சேரிகள் பெருகின, செல்வமும் பெருகியது. வருமான வரி செலுத்திய முதல் பெண் கலைஞர் என்று சொல்லப்படும் அளவுக்கு வளம் கண்டார்.

இசையோடு அவர் நின்றாரல்லர். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் விளங்கிய முத்துப்பழனி என்ற பெண் புலவர் தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனம்' என்னும் காவியத்தின் அச்சுப் பதிப்பொன்று அவர் கைக்கு வந்தது. அதில் புலவரின் தேவதாசிக் குலம் பற்றிய செய்தி நீக்கப்பட்டிருந்தது. மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, 1910இல் முழு நூலையும் வெளியிட்டார். பெண் இப்படிச் சிருங்காரம் எழுதலாமா என்று அறிஞர் வீரேசலிங்கம் முன்னரே கண்டித்திருந்தார். ஆண்கள் எழுதினால் அழகு, பெண் எழுதினால் இழுக்கா என்னும் கருத்தில் தம் முன்னுரையில் அஞ்சாது விடையிறுத்தார் அம்மையார். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. 1947இல் டி. பிரகாசம் முதலமைச்சராயிருந்தபோதே அத்தடை நீங்கிற்று.

தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்றபோது, அதை எதிர்த்த தேவதாசிப் பெண்களின் முன்னணியிலும் இவர் நின்றார். 1947இல் சட்டம் வந்தது. அது வேண்டிய சட்டமே. ஆயினும், கலையையே வாழ்வாகக் கொண்ட பெண்களின் மானமும் உடைமையும் என்னாகும் என்று அவர்கள் எழுப்பிய கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று.

அவர் வாழ்வு திசை திரும்பிய ஆண்டு 1921. தாம் ஆசானாகப் போற்றிய மைசூர் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. 1847இல் மறைந்த தியாகராசரின் சமாதி திருவையாற்றில் புதர் மண்டிச் சிதைந்து கிடக்கும் செய்தியை அது தாங்கி வந்தது. அப்போது அம்மையார் நாற்பது வயதைக் கடந்திருந்தார். உடனே நிலத்துக்கு வழி தேடினார். பணிக்குத் தம் பொருளையே வாரி வழங்கினார். 1925 சனவரி 7ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது.

கோயில் எழுந்தது, ஆனால் கட்டியவர் பாட அங்கே இடமில்லை! ஆராதனையில் பெண்கள் பாடுவது அக்காலத்தில் விலக்கு. ஆண் வித்துவான்களோ பெரிய கட்சி, சின்னக் கட்சி எனப் பிரிந்து தனித்தனியே விழா எடுத்து வந்தனர். ஒரே ஞானியின் பிள்ளைகள் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டிய கதை இது. அம்மையார் வசை பாடவில்லை. வழக்கையே நம்பி வாளாவிருக்கவுமில்லை. பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் மூன்றாவதாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். கதவு அடைத்தவர் வீட்டுக் கொல்லையிலேயே விளக்கேற்றியது போன்ற செயல் அது.

ஆண்டுகள் உருண்டன. எஸ். ஒய். கிருஷ்ணசாமி போன்றோர் முயற்சியால் 1940-41இல் கட்சிகள் மூன்றும் கலந்து ஒரே சபையாயின. பெண்களும் பாடும் உரிமையை அந்த இணக்கம் உறுதி செய்தது. பஞ்சரத்தின கீர்த்தனைகளை ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்ந்து பாடும் இன்றைய காட்சிக்கு அன்றே வித்திடப்பட்டது.

இறுதி ஆண்டுகளைத் திருவையாற்றிலேயே கழித்த அம்மையார், தம் உடைமைகளை அறப்பணிக்கே எழுதி வைத்தார். 1952 மே 19ஆம் நாள் மறைந்தார். தியாகராசர் சமாதிக்கருகே அவருக்கும் நினைவிடம் உண்டு. அங்கே அவர் சிலை அச்சந்நிதியை நோக்கியபடி அமர்ந்திருக்கிறது.

மாணவ நண்பர்களே! பிறந்த குலத்தைக் காட்டி ஒதுக்கினார்கள்; பெண் என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியவர்களும் வந்து உட்கார ஒரு திண்ணையைக் கட்டி வைத்துவிட்டுப் போனார் அவர். சங்கமென்றும் குழுவென்றும் சிறு காரணங்களுக்காகப் பிரிந்து நிற்கத் தோன்றும் வேளைகளில், நம் நகரின் பெயர் தாங்கிய இவ்வம்மையாரை நினைத்துக்கொள்வோம்.