சிக்னலில் நின்றாலும் கொதிக்காத கார்: வில்ஹெல்ம் மேபேக்

மேபேக் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோடிகளில் விற்கும் சொகுசு கார்தான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்த ஒரு பையன். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது நம்ம கார் இன்ஜின் கொதிக்காமல் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். (ஜெர்மன் உச்சரிப்பு மைபாக். நமக்குப் பழகினது மேபேக், அப்படியே வச்சுக்கலாம்.)

1846-ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் பிறந்தார். அப்பா தச்சர். பத்து வயசிலேயே பெற்றோர் ரெண்டு பேரையும் இழந்துட்டார். ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்பவர் நடத்திய இல்லம்தான் அவரை எடுத்து வளர்த்தது. அந்த இல்லத்துக்குச் சொந்தமா ஒரு மெஷின் ஃபேக்டரி இருந்தது. பையனுக்கு டிராயிங் நல்லா வரும்னு தெரிஞ்சதும் அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் காட்லீப் டைம்லர். மேபேக்கைவிட 12 வயசு மூத்தவர். டைம்லர் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மேபேக் கூடவே போனார். டைம்லர் ஐடியாவும் பணமும் கொண்டு வருவார், டிராயிங் போர்டில் உட்கார்ந்து அதை இன்ஜினாக மாற்றுவது மேபேக்.

1882-ல் டாய்ட்ஸ் கம்பெனி வேலையை விட்டுட்டு, ஸ்டுட்கார்ட் பக்கத்தில் கான்ஸ்டாட்டில் டைம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடி அறையில் ரகசியமா வேலை ஆரம்பிச்சாங்க. ராத்திரி பகலா உள்ளே சத்தம். கள்ள நோட்டு அடிக்கிறாங்களோன்னு தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்து, போலீஸே வந்து பார்த்ததாக ஒரு கதை உண்டு. உள்ளே இருந்தது டூல்ஸும் இன்ஜின் பார்ட்ஸும்தான். 1885-ல் அங்கிருந்து ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் வந்தது. அதை ஒரு மரச்சட்ட டூவீலரில் மாட்டி ஓட்டினார்கள்.

இன்ஜின் சின்னதா இருந்தவரை சூடு பெரிய பிரச்சினை இல்லை. 1889-ல் வந்த அவர்களுடைய காரில் தனியா ரேடியேட்டரே கிடையாது. வண்டியின் ஃபிரேமே பைப்தான், கூலிங் தண்ணி அதுக்குள்ளேயே சுத்தி வரும். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா இது. ஆனா பவர் ஏற ஏற இது தாங்காது. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலிங் வழியாகத்தான் வெளியே போகணும். அந்தக் காலத்துப் பல கார்களில் தண்ணி கொதிச்சு ஆவியாகப் போயிடும், வழியில் நிறுத்தி நிறுத்தி ஊத்தணும். 1897-ல் மேபேக் குழாய் ரேடியேட்டர் செய்தார். அதுக்கும் 18 லிட்டர் தண்ணி தேவைப்பட்டது.

1900 மார்ச்சில் டைம்லர் இறந்தார். அதே மாசம் நீஸ் நகரத்தில் நடந்த மலையேற்றப் பந்தயத்தில், டைம்லர் கம்பெனி காரை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் விபத்தில் செத்துப் போனார். அந்தக் கார் உயரம் அதிகம், எடையும் அதிகம். கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் எமில் யெல்லினெக், தாழ்வான, லேசான, வேகமான புதுக் கார் வேணும்னு நின்றார். தன் மகள் மெர்சிடிஸ் பெயரையே அதுக்கு வைக்கணும்னும் சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவரை இழந்த அதே வருஷம், மேபேக் அந்தக் காரை டிசைன் செய்து முடித்தார்.

35 குதிரைசக்தி இன்ஜின், லேசான வண்டி. அதை 18 லிட்டர் தண்ணி சுமக்காமல் குளிர வைக்கணும். அதுக்கு மேபேக் செய்ததுதான் தேன்கூடு ரேடியேட்டர். 6 மி.மீ.க்கு 6 மி.மீ. சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. குழாய்க்குள்ளே காற்று, வெளியே சுத்தி தண்ணி. குழாய் சின்னதாக ஆக, அதே இடத்துக்குள் சூடு கைமாறும் பரப்பு கூடிக்கிட்டே போகும். நாம் ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் எழுதுவதுதான், அவர் கையால் செய்தார். தண்ணி 9 லிட்டராகக் குறைந்தது.

அதைவிட முக்கியம், ரேடியேட்டருக்குப் பின்னால் அவர் வைத்த சின்ன ஃபேன். ஓடுற வண்டிக்குக் காற்று தானாகவே வரும். ஊர்ந்து போற வண்டிக்கு யார் காற்று கொடுப்பது?

இன்னைக்கும் நோய் கண்டுபிடிப்பது இந்தக் கேள்வியிலிருந்துதான். ஹைவேயில் டெம்பரேச்சர் முள் நார்மலா இருந்து, டிராஃபிக்கில் மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, வயர், மோட்டார் என்று வரிசையா பார்க்கணும். ஃபேன் சுத்தியும் சூடு ஏறினால், ரேடியேட்டருக்கும் அதுக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் எட்டிப் பாருங்க. தூசி, சருகு, பூச்சி எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். அப்புறம் கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மூடி. போர் தண்ணி ஊத்திப் பழகின வண்டின்னா உள்ளே உப்பு படிஞ்சிருக்கும். ஹைவேயிலும் சேர்ந்து சூடானால் கதையே வேற: தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் பக்கம் போகணும். நடு ரோட்டில் மாட்டினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை ஃபுல்லா வைத்து, ஓரம் கட்டி இன்ஜினை அணைச்சிடுங்க. சூடா இருக்கும்போது மூடியை மட்டும் திறக்காதீங்க, கொதிக்கிற தண்ணி முகத்தில் அடிக்கும்.

1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் மெர்சிடிஸ் மற்ற கார்களை ஓரங்கட்டியது. ஆனா டைம்லர் இல்லாத கம்பெனியில் மேபேக்குக்கு மெல்ல மெல்ல மரியாதை குறைந்தது. ஒரு தனி ரூமில் கண்டுபிடிப்பு வேலை என்று ஒதுக்கி வைத்தார்கள். 1907-ல் வெளியேறினார், வயசு 61. காரில் இருந்தது டைம்லர் கம்பெனியின் பெயரும் யெல்லினெக் மகளின் பெயரும்தான், இவர் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இதுதான் உறுத்துது.

அவர் சும்மா இருக்கலை. 1909-ல் கவுண்ட் செப்பலினின் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்யும் கம்பெனி ஒன்று தொடங்கக் காரணமாக இருந்தார், அதை நடத்தியது மகன் கார்ல். முதல் உலகப்போருக்குப் பிறகு அந்தக் கம்பெனி கார் பக்கம் திரும்பியபோதுதான் மேபேக் என்ற பெயர் ஒரு காரில் ஏறியது. 1929 டிசம்பர் 29-ல் இறந்தார். கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில், டைம்லர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.