மூளையின் தனித்தனி செல்களை வரைந்து காட்டியவர்: நினைவாற்றல் ஆய்வுக்கு வழிதிறந்த ரமோன் இ கஹால்

ஒரு முகத்தையோ பெயரையோ மனத்தில் பதித்துக்கொள்ளும்போது மூளைக்குள் நிகழ்வது என்ன? நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் மாற்றம் பெறுகின்றன என்பதே இன்றைய அறிவியல் தரும் விடை. இவ்விடைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர், ஸ்பெயின் நாட்டின் சாண்டியாகோ ரமோன் இ கஹால்.

ஓவியராக விரும்பிய சிறுவன்:

1852 மே 1 அன்று பெட்டியா தே அரகோன் என்னும் சிற்றூரில் கஹால் பிறந்தார். அவருக்கு ஓவியத்தில்தான் நாட்டம். மருத்துவரான தந்தையோ மகனும் மருத்துவராக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். படிப்பில் மனம் செல்லாத மகனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பயில அனுப்பினார். பின்னர், கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த எலும்புகளை வரையச் செய்தே அவருக்கு உடற்கூறியலைக் கற்பித்தார். 1873-ல் மருத்துவப் பட்டம் பெற்ற கஹால், ராணுவ மருத்துவராக கியூபா சென்று, மலேரியாவால் உடல் நலிந்து நாடு திரும்பினார்.

1885-ல் வலென்சியாவில் காலரா பரவியபோது அந்நோயை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதற்கான பரிசாக சரகோசா மாகாண நிர்வாகம் அவருக்குத் தரமான நுண்ணோக்கி ஒன்றை வழங்கியது.

திருப்புமுனையான 1887:

மூளையின் நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே தொடர்வலை என்பதே அக்காலத்தில் பலரின் கருத்து. இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்கியும் அவ்வாறே நம்பினார். ஆனால் 1873-ல் அவர் கண்டறிந்த வெள்ளி நைட்ரேட் சாயமுறைதான் அக்கருத்தை வீழ்த்தும் கருவியாக மாறியது.

அம்முறையில் மூளைத்திசுவில் உள்ள செல்களுள் மிகச் சிலவே நிறமேறும். ஏறியவை கிளைகளுடன் முழுமையாகக் கறுத்துத் தெரியும். 1887-ல் மாட்ரிட் நகரில் மருத்துவர் லூயிஸ் சிமாரோவின் வீட்டில் அத்தகைய திசுக்களைக் கண்ட கஹால் வியந்துபோனார். சாயம் ஏற்றுவதை இருமுறை செய்து அம்முறையை மேம்படுத்தினார். முதிர்ந்த மூளை அடர்ந்த காடு போன்றது என்பதால், நரம்பிழைகளின் மேல் கொழுப்புறை உருவாகாத பறவைக் கருக்களையும் குட்டி விலங்குகளையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

1888-ல் சொந்தச் செலவில் தொடங்கிய ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்த அலகு. ஒன்று மற்றொன்றைத் தொடர்புகொள்கிறதே தவிர, அதனுடன் கலந்துவிடுவதில்லை என்பதே அது. ஸ்பானிய மொழியில் வந்த அவ்விதழை வெளிநாட்டினர் பொருட்படுத்தவில்லை. எனவே 1889-ல் தம் மாதிரிகளுடன் பெர்லின் மாநாட்டுக்கே சென்று, ஜெர்மனியின் மூத்த அறிஞர் கோலிக்கரை நுண்ணோக்கி வழியே பார்க்கச் செய்தார். கோலிக்கர் அவர் பக்கம் நின்றார். 1891-ல் இந்த செல்லுக்கு நியூரான் என்ற பெயர் சூட்டப்பட்டது.

சுற்றும் நினைவும்:

சமிக்ஞை கிளைகளின் வழியே செல்லை அடைந்து, நீண்ட இழை வழியே ஒரே திசையில் வெளியேறுகிறது என்றும் கஹால் விளக்கினார். நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகேம்பஸ் பகுதியின் படத்தில் அப்பாதையை அம்புக்குறிகளால் காட்டினார். மூளைச் சுற்றுகளின் தொடக்ககால வரைபடங்களுள் அதுவும் ஒன்று. 1894-ல் லண்டனில் ஆற்றிய உரையில், மனப்பயிற்சியால் செல்களின் இணைப்புகள் பெருகக்கூடும் என்ற கருத்தை முன்வைத்தார்.

1906-ல் மருத்துவ நோபல் பரிசு கோல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பரிசு மேடையிலேயே கோல்கி, நியூரான் கோட்பாட்டை மறுத்துப் பேசினார். மறுநாள் கஹால் அதே கோட்பாட்டுக்கான சான்றுகளை எடுத்துரைத்தார்.

காலம் தந்த தீர்ப்பு:

1934 அக்டோபர் 17 அன்று மாட்ரிட்டில் கஹால் மறைந்தார். செல்களுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளியை 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியபோது வழக்கு முடிவுக்கு வந்தது. மீண்டும் மீண்டும் தூண்டப்படும் இணைப்பு நெடுநேரம் வலுவுடன் நிலைப்பதை 1973-ல் பிளிஸ், லோமோ ஆகியோர் முயலின் ஹிப்போகேம்பஸில் பதிவு செய்தனர். கடல் நத்தையில் நினைவு உருவாகும் விதத்தை விளக்கிய எரிக் காண்டல் 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கஹாலின் ஆவணங்கள் 2017-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. நூற்றாண்டு கடந்தும் அவருடைய படங்கள் நரம்பியல் பாடநூல்களில் இடம்பெற்று வருகின்றன.