ரிப்பன் பிரபு: திருச்சபையைத் தேடி வந்த வைஸ்ராய்



சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், சற்றுத் தள்ளி மணிக்கூண்டுடன் வெள்ளை நிறத்தில் ஒரு பெரிய கட்டடம் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதுதான் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. அந்த ரிப்பன் யார் என்று கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பிரபு என்போம். அவர் ஒரு கத்தோலிக்கர் என்பதும், பிறப்பால் அல்ல, தமது 46-ஆம் வயதில் பெரும் பதவிகளுக்கு நடுவே திருச்சபைக்குள் வந்தவர் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் தாங்கியிருந்த ரிப்பன் மார்க்விஸ் என்ற பிரபுப் பட்டமும் இன்று இல்லை.

ஜார்ஜ் பிரெடெரிக் சாமுவேல் ராபின்சன் 1827 அக்டோபர் 24 அன்று இலண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் இல்லத்தில் பிறந்தார். அவருடைய தந்தை கோடரிச் பிரபு அப்போது இங்கிலாந்தின் பிரதமர். தந்தையின் ஆட்சி சில மாதங்களே நீடித்தது. 1833-இல் அவருக்கு ரிப்பன் ஏர்ல் என்ற பட்டம் கிடைத்தது. ரிப்பன் என்பது வடக்கு யார்க்ஷயரில் உள்ள ஒரு பழைய பேராலய நகரம். ஏர்லுக்கு மேல் மார்க்விஸ், அதற்கும் மேல் டியூக் என்பது அவர்கள் வரிசை. இப்பட்டங்கள் பொதுவாகத் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும். ஆண் வாரிசு அற்றுப்போனால் பட்டமும் அழிந்துபோகும்.

ஜார்ஜ் பள்ளிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகவில்லை, வீட்டிலேயே படித்தார். இளம் வயதில் தொழிலாளர்களுக்காகப் பேசிய கிறிஸ்தவ சமத்துவவாதிகளோடு சேர்ந்தது அவர் வகுப்பாருக்குப் பிடிக்கவில்லை. 1852-இல் பாராளுமன்றம் சென்றார். 1859-இல் தந்தையும் பெரியப்பாவும் அடுத்தடுத்து இறக்க, இரண்டு ஏர்ல் பட்டங்களும் ஸ்டட்லி ராயல் என்ற பெரிய பண்ணையும் அவருக்கு வந்தன. அப்பண்ணைக்குள்தான் 1132-இல் தொடங்கப்பட்டு, எட்டாம் ஹென்றி அரசரின் ஆணையால் 1539-இல் மூடப்பட்ட ஃபவுண்டன்ஸ் துறவற மடத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. பின்னாளில் கத்தோலிக்கரான ஒருவர், துறவிகள் துரத்தப்பட்ட மடத்தின் சுவர்களுக்குச் சொந்தக்காரராக இருந்ததை நாம் தற்செயல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியவில்லை.

போர்த்துறைச் செயலர், இந்தியா மந்திரி என்று பதவிகள் உயர்ந்தன. அமெரிக்காவுடன் இருந்த பெரிய வழக்கை 1871-இல் வாஷிங்டன் உடன்படிக்கையால் சமாதானமாக முடித்ததற்காக மார்க்விஸ் ஆக்கப்பட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தின் ஃபிரீமேசன் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். திருச்சபை தன் மக்களை அதில் சேரக்கூடாதென்று தடுத்திருந்ததை நாம் அறிவோம்.

1874 செப்டம்பர் தொடக்கத்தில் அவர் அத்தலைமையைத் துறந்தார். சில நாட்களில், செப்டம்பர் 7 அன்று, இலண்டன் பிராம்ப்டன் ஓரட்டரி ஆலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இங்கிலாந்தே அதிர்ந்தது. அரசியலில் அவர் இனி எழ மாட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அவருடைய நண்பரும் தலைவருமான கிளாட்ஸ்டன், கத்தோலிக்கராக மாறுகிறவர் தம் சிந்தனைச் சுதந்திரத்தை இழக்கிறார் என்ற பொருளில் எழுதினார். தொடர்ந்து வத்திக்கான் சங்கத் தீர்மானங்களைக் கண்டித்து நூலே வெளியிட்டார். அதற்கு 1875-இல் பதில் எழுதியவர், 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்ட ஜான் ஹென்றி நியூமன். ரிப்பனின் துணைவியார் ஹென்றியட்டா ஆங்கிலிக்கன் சபையிலேயே இருந்தார். இதனால் அக்குடும்பம் உடையவில்லை. கலப்புத் திருமணக் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1880-இல் மீண்டும் பிரதமரான அதே கிளாட்ஸ்டன், ரிப்பனை இந்தியாவின் வைஸ்ராயாக அனுப்பினார்! ஒரு கத்தோலிக்கரை இப்பதவிக்கு அனுப்பலாமா என்று இங்கிலாந்தில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. 1829-இன் சட்டம் கத்தோலிக்கருக்குப் பல பதவிகளைத் திறந்துவிட்டபோதும் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதி போன்ற சிலவற்றை மூடியே வைத்திருந்தது. இந்தியாவின் பதவி அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. இயேசு சபைத் தந்தை ஹென்றி கெர் அவருடைய ஆன்ம குருவாக இங்கு வந்தார்.

தாது வருடப் பஞ்சம் தென்னகத்தைச் சூறையாடி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தன. ரிப்பன் காலத்தில் பஞ்ச நிவாரண விதிகள் வகுக்கப்பட்டன. உப்பு வரி குறைந்தது. 1881-இன் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. பன்னிரண்டு வயது வரை நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று வரம்பு கட்டியது. இன்று படிக்கும்போது இதுவா சீர்திருத்தம் என்று தோன்றும். அதற்கு முன் அந்த வரம்பும் இல்லை. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878-இன் சட்டத்தை 1882-இல் நீக்கினார். சுதேசமித்திரன் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான்.

எல்லாவற்றிலும் பெரியது 1882 மே 18 தேதியிட்ட உள்ளாட்சித் தீர்மானம். ஊர்களின் சாலை, பள்ளி, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றை உள்ளூர்ச் சபைகள் கவனிக்க வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர் அரசு அதிகாரி அல்லாதவராக இருக்க வேண்டும். இயன்ற இடங்களில் தேர்தல் வேண்டும் என்றது அது. நிர்வாகம் உடனே சிறப்பாகிவிடும் என்று அவர் நினைக்கவில்லை. மக்கள் செய்து, தவறி, கற்றுக்கொள்ள ஒரு களம் வேண்டும் என்பதே அவர் கருத்து. சென்னை மாகாணத்தில் இதை ஒட்டி 1884-இல் உள்ளாட்சிச் சட்டங்கள் வந்தன. ஆனால் அதிகாரிகள் பிடியை எளிதில் விடவில்லை. வாக்கும் வரி கட்டும் சிலருக்கு மட்டுமே. பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அதில் இடமில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் இருந்து இதை எழுதும் நமக்கு, இந்த இடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்கக்கூடாது என்ற கண்டிப்பு, எல்லாம் அதில் உண்டு. அந்தச் சபையும் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபைதான். ஆக, ரிப்பன் பிரபு இல்லாத ஒன்றை நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார் என்று நாம் சொல்லமாட்டோம். மறந்துபோன ஒன்றுக்கு அந்நிய ஆட்சியில் கதவு திறந்தவர் என்று சொல்வதே பொருந்தும். இன்று கிராம சபைக் கூட்டத்தில் சாதியோ சொத்தோ பாராமல் ஊர் வாக்காளர் எவரும் உட்காரலாம், கணக்குக் கேட்கலாம். 2022 முதல் தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் அன்பியங்களில் இருந்து எத்தனை பேர் போகிறோம்?

அவர் பட்ட பெரும் அவமானம் 1883-இல் வந்தது. மாவட்டங்களில் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்றது இல்பர்ட் மசோதா. தோட்ட முதலாளிகளும் வணிகரும் கொதித்தெழுந்தனர். அவர் அளித்த விருந்துகளை வெள்ளையர் புறக்கணித்தனர். வைஸ்ராயையே பிடித்துக் கப்பலேற்றிவிடச் சிலர் திட்டமிட்டதாகவும் பிற்கால நூல்கள் கூறுகின்றன. முடிவில், ஐரோப்பியர் தம் இனத்தார் பாதிப்பேர் கொண்ட ஜூரியைக் கேட்கலாம் என்று 1884-இல் சமரசமாகிப் போனார். நம் பார்வையில் இது அவருடைய தோல்வி. மக்கள் அப்படிப் பார்க்கவில்லை. 1884 டிசம்பரில் அவர் புறப்பட்டபோது வழிநெடுகக் கூடிய கூட்டம் அதற்கு முன் எந்த வைஸ்ராய்க்கும் கூடியதில்லை. நம் தமிழ் மக்கள் ரிப்பன் என்ற பெயருக்கு எதுகையாக அப்பன் என்றே அழைத்துவிட்டார்கள்.

இங்கிலாந்து திரும்பியும் ஓயவில்லை. மீண்டும் அமைச்சரானார். புனித வின்சென்ட் தே பவுல் சபைக்கு அந்நாட்டில் 1899 முதல் தலைவராக இருந்து உழைத்தார். 1908-இல் இலண்டனில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தபோது, தெருவில் நற்கருணைப் பவனி கூடாதென்று அரசு கடைசி நேரத்தில் தடுத்தது. அதைப் பேராயரிடம் சொல்ல அமைச்சரவையின் ஒரே கத்தோலிக்கரான இவரைத்தான் பயன்படுத்தினார்கள். எண்பது வயதுப் பெரியவருக்கு அது எவ்வளவு நோவாக இருந்திருக்கும்! சில வாரங்களில் பதவி விலகினார். வயதைக் காரணம் காட்டினாலும் இதுவும் காரணமே. 1909 ஜூலை 9 அன்று ஸ்டட்லி ராயலில் இறந்தார். அங்கே தம்பதியர் கட்டிய ஆங்கிலிக்கன் ஆலயத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

சென்னையில் ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. பட்டம் அவருடைய ஒரே மகன் பிரெடெரிக் ஆலிவருக்குப் போயிற்று. அவர் துப்பாக்கியால் பறவை சுடுவதில் பேர்பெற்றவர். வாழ்நாளில் ஐந்து லட்சத்துக்கும் மேல் சுட்டதாகத் தாமே கணக்கு எழுதி வைத்தார். 1923 செப்டம்பர் 22 அன்று யார்க்ஷயர் மேட்டு நிலத்தில், காலையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பறவைகளைச் சுட்டு முடித்த சற்று நேரத்தில், அங்கேயே விழுந்து இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. மார்க்விஸ் பட்டமும் தந்தை வழி வந்த மற்றப் பட்டங்களும் அந்நாளோடு அழிந்தன.