மகாதமனியைத் தைத்த மருத்துவர்

இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி எனக்குப் பிறவியிலேயே ஒடுங்கியிருந்தது. சிறு வயதில் அதை வெட்டிச் சீராக்கினார்கள். அவ்வழியை முதலில் கண்டவர் சுவீடன் நாட்டுக் கிளாரன்ஸ் கிராபோர்டு, 1899-இல் பிறந்தவர். வேறோர் அறுவையில், குருதிப் பெருக்கை நிறுத்த மகாதமனியையே சிறிது நேரம் இறுக்கிப் பிடிக்க நேர்ந்தது. நோயாளி பிழைத்துக்கொண்டார். பிறர் அஞ்சிய இடத்தில் இவருக்குத் துணிவு பிறந்தது. 1944 அக்டோபர் 19 அன்று ஸ்டாக்ஹோமில், ஒரு சிறுவனின் ஒடுங்கிய பகுதியை அகற்றி, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார்.

ஒடுக்கம் நீங்கினால் இரத்த அழுத்தமும் தணியும் என்றே எண்ணினார்கள். பலருக்குத் தணிந்தது, சிலருக்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஏறியது. நெடுநாள் அழுத்தம் தாங்கிய குழாய்ச் சுவர்கள் விறைத்துப் போயிருந்ததும் ஒரு காரணம். கிராபோர்டு 1984-இல் மறைந்தார். நான் இன்றும் காலையில் மாத்திரை விழுங்குகிறேன். அவர்மீது எனக்கு மனக்குறை ஏதுமில்லை.