மருத்துவத்தைத் தமிழ் பேச வைத்த மானிப்பாய் மருத்துவர்

நம் களியக்காவிளை இரு மொழிகளின் எல்லையில் அமைந்த ஊர். மேற்கே பேருந்தேறினால் திருவனந்தபுரம், கிழக்கே ஏறினால் நாகர்கோவில். இவ்விரு நகரங்களுக்கும் இடையே இன்று எத்தனையோ மருத்துவமனைகளும் செவிலியர் கல்லூரிகளும் உள்ளன. அவற்றில் பயின்று, வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகளை நம் தெருக்களில் பல வீட்டார் பெருமையோடு நினைக்கின்றனர். ஆயினும், உயர்ந்த மருத்துவக் கல்வியைத் தமிழில் தர இயலுமா என்று நம் துறை மாணவர்கள் கேட்கும்போது, இயலாது என்று தலையசைக்கும் பெரியோரே மிகுதி. அவர்களுக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்க்கையை இம்மலரில் எழுத விழைகிறோம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதனைச் செய்து காட்டியவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அவர் தமிழரல்லர் என்பது நம்மைச் சற்று நாணச் செய்யும் செய்தி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரை அடுத்த கிரீன்ஹில் என்னும் பண்ணையில் 1822 அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தார் கிரீன். அவருடைய உடன்பிறந்தாருள் ஒருவரான ஆண்ட்ரு ஹேஸ்வெல் கிரீன், பிற்காலத்தில் நியூயார்க் மாநகரை ஒன்றிணைத்து உருவாக்கியவர் எனப் புகழ்பெற்றார். அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் விரும்பியிருந்தால் அங்கேயே செல்வமும் செல்வாக்கும் பெற்றிருக்கலாம். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1847இல் அமெரிக்க மிஷன் சார்பில் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

அமெரிக்க மிஷனார் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் இருந்தனர். 1823இல் அவர்கள் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி அந்நாளில் உயர்கல்விக்குப் பெயர் பெற்றிருந்தது. டாக்டர் ஜான் ஸ்கடர் போன்ற மருத்துவர்களும் முன்னரே வந்து பணிபுரிந்திருந்தனர். ஆனால் ஒரு நாட்டின் நோயை ஓரிரு வெள்ளைக்கார மருத்துவர்கள் எந்நாளும் தீர்த்துவிட முடியாது என்பதைக் கிரீன் விரைவில் உணர்ந்தார். 1848இல் மானிப்பாய்க்குச் சென்று மருத்துவமனை நடத்தத் தொடங்கிய அதே ஆண்டில், அவ்வூரைச் சூழ்ந்த பகுதி இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கும் வகுப்பையும் தொடங்கினார். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி 1870இல்தான் தோன்றியது என்பதை எண்ணினால் மானிப்பாயின் முதன்மை விளங்கும்.

மாணவர்கள் காலையில் நோயாளர்களைக் கண்டனர், மருந்து கலக்கினர், புண்களுக்குக் கட்டுப் போட்டனர், பின்னர்ப் பாடம் கேட்டனர். மருத்துவமனையே பள்ளியாகவும் பள்ளியே மருத்துவமனையாகவும் இருந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளே மருத்துவம் பயின்றதால், அயலாரின் மருந்தை அஞ்சிய மக்களும் மெல்ல மெல்ல வரத் தொடங்கினர் எனலாம். நோயாளியின் மொழியறிந்த, அவன் வீட்டு வழக்கமறிந்த ஒருவன் கையால் மருந்து வாங்குவது வேறு. துபாசி வழியாகப் பேசி வாங்குவது வேறு.

இப்பணியில் கிரீன் தனித்து நிற்கவில்லை என்பது கருதத்தக்கது. யாழ்ப்பாணத்தின் அரசாங்க அதிபராக விளங்கிய பெர்சிவல் ஆக்லண்ட் டைக் என்பாரின் முயற்சியால் 1850இல் நட்புறவுச் சங்கத்தின் மருத்துவமனை ஒன்று நகரில் எழுந்தது. அரசு அதிகாரியும் ஊர்ப் பெரியோரும் பொருள் திரட்ட, மானிப்பாய் மருத்துவர் அதற்கு அறிவுரையும் உதவியும் நல்கினார். அவரிடம் பயின்றோர் அங்குப் பணியாற்றினர். அம்மருத்துவமனைதான் இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்து நிற்கிறது. கட்டடம் ஒருவர் கட்டலாம். பணம் பலர் தரலாம். ஆனால் உள்ளே நின்று மருந்து தர ஆள் வேண்டுமே! அந்த ஆளை அவ்வூரிலேயே உருவாக்கித் தந்தது கிரீனின் வகுப்பு.

எனினும் தம் முதல் பத்தாண்டுப் பணியில் ஒரு குறையை அவர் கண்டார். அவ்வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்ற மருத்துவன் கிராமத்தில் தங்குவதில்லை. அரசுச் சம்பளத்தையும் நகரத்தையும் நாடிப் போய்விடுகிறான். நடையுடை பாவனைகளிலும் தன் மக்களிடமிருந்து விலகிவிடுகிறான். இந்தக் குறை இன்றும் நம்மிடம் தீரவில்லை என்பதை நாம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் வெளிநாடு செல்வதை நாம் குறைகூறவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிகிறது. ஆனால் நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பேறுவலி கண்டால் ஓடிவர அருகில் ஒருவர் வேண்டும் அல்லவா?

உடல்நலம் குன்றித் தாயகம் சென்ற கிரீன், 1862இல் திருமணம் செய்துகொண்டு மனைவியுடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். இம்முறை ஓர் உறுதியோடு வந்தார். இனி மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படும் என முடிவு செய்து, 1864 அளவில் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் மேனாட்டு உடை அணிவதையும் அவர் விரும்பவில்லை. அவர்கள் தமிழராகவே வாழ்ந்து, தத்தம் ஊர்களிலேயே குடியிருந்து, ஊரார் தரும் வருவாயிலேயே பிழைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். அதற்கு முன் சொல் வேண்டும். நரம்புக்கும் நாளத்துக்கும், எலும்பின் ஒவ்வொரு முனைக்கும் பெயர் வேண்டும். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடைக்காதபோது வடசொல்லை நாடினார். அதுவும் இல்லாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இயைய மாற்றினார். சொற்பட்டியல்களைத் தொகுத்து அச்சிட்டார். டான்போர்த், சாப்மன் முதலிய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் துணைநின்றனர். பெயர்கள் அயல்நாட்டுப் பெயர்களாயினும் இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்களே. படிப்புக்குப் பொருளுதவி செய்த அமெரிக்கர் பெயரைத் தாங்குவது செமினரியின் வழக்கமாயிருந்தது.

அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்னும் தலைப்பில் உடலமைப்பையும் உடலியக்கத்தையும் நலவாழ்வையும் பற்றிய நூல் முதலில் வந்தது. பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும் வெளிவந்தன. 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம், இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவியது. எண்ணூறு பக்கங்களைத் தாண்டுவது. வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் ஆகியன தொடர்ந்தன. இவ்வாறு தமிழில் அவர் ஆக்கியும் பதிப்பித்தும் வழங்கிய பக்கங்கள் நாலாயிரத்துக்கும் மேல்.

இச்சொற்களுள் பல இன்று வழக்கிழந்தன. உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் எனத் தனித்தமிழ்ச் சொற்களை நாம் பழகிவிட்டோம். கெமிஸ்தம் என்ற சொல்லைக் கேட்டால் நம் மாணவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடும். சிரிக்குமுன் ஒன்றை நினைவிற் கொள்க: அச்சொல்லின் வேர் கீமியா என்னும் அரபுச் சொல். அது ஐரோப்பா சென்று, அமெரிக்கா கடந்து, மானிப்பாயில் தமிழுடை தரித்தது. தக்கலை பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்பாடல்களில் அரபுச் சொற்கள் தமிழோடு கைகோத்து நடப்பதை அறிந்த நமக்கு இது புதுமையும் அன்று.

அறிவு மொழிவிட்டு மொழி பாய்வது இசுலாமிய வரலாறு நன்கறிந்த செய்தியே. அப்பாஸிய கலீஃபாக்களின் ஆதரவில் பாக்தாதில் காலனின் கிரேக்க மருத்துவ நூல்களை அரபிக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறித்தவர். அம்மொழிபெயர்ப்புகள் இட்ட அடித்தளத்தின் மீதுதான் அர்ராஸியும் இப்னு ஸீனாவும் எழுந்தனர். ஹுனைனுக்குக் கலீஃபாக்களின் ஆதரவு இருந்தது. கிரீனுக்கு இருந்ததோ மிஷனின் சிறு உதவியும், அரசு அவ்வப்போது அளித்த நன்கொடையும், தம் மாணவர்களும்தான்.

கிரீனின் நோக்கத்தில் சமயம் பரப்புதலும் இருந்தது. அதனை அவர் மறைத்தாரில்லை. நாட்டு வைத்தியத்தின் நன்மைகளை அவர் போதிய அளவு மதிக்கவில்லை என்பதும் நம் கருத்து. அவருடைய வகுப்பில் பெண்கள் பயிலவில்லை. பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை 1898இல் இணுவிலில் எழும்வரை அக்குறை நீடித்தது. இவற்றை எல்லாம் கூறிய பின்னும் அவர் செய்த பணி சிறிதும் சுருங்கவில்லை. 2022இல் மத்தியப் பிரதேச அரசு மருத்துவப் பட்டப்படிப்புக்கு இந்தியில் பாடநூல் வெளியிட்டபோது நாடெங்கும் அது பெரும் செய்தியாயிற்று. தமிழில் அது 1860களிலேயே நடந்தேறிய செயல். அவருக்குப்பின் அதனைத் தாங்குவாரின்றித் தமிழ்வழி வகுப்பு சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது.

நம் மாவட்டத்திற்கும் அவருக்கும் தொடர்புண்டு என்பதை அறிந்தபோது நாம் பெரிதும் மகிழ்ந்தோம். அவர் மானிப்பாயில் தமிழ் வகுப்பு நடத்திய அதே 1860களில், நெய்யூர் இலண்டன் மிஷன் மருத்துவமனையில் டாக்டர் ஜான் லோ நம் நாட்டு இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி தந்து, கிளை மருந்தகங்களில் அமர்த்தினார். அது மட்டுமா? 1875இல் கெமிஸ்தம் அச்சேறியது நாகர்கோவில் இலண்டன் மிஷன் அச்சுக்கூடத்தில். நாஞ்சில் நாட்டு அச்சுக்கோப்பாளர் ஒருவர், தாம் அதுவரை கேட்டறியாத சொற்களை எழுத்தெழுத்தாகக் கோத்திருப்பார். அவர் பெயரை எந்த நூலும் குறிக்கவில்லை.

1873இல் உடல் தளர்ந்து கிரீன் அமெரிக்கா திரும்பினார். ஓய்வு கொள்ளவில்லை. கிரீன்ஹில் வீட்டில் அமர்ந்து தமிழ்க் கைப்படிகளைத் திருத்திக் கப்பலஞ்சலில் அனுப்பியவண்ணம் இருந்தார். தம் கல்லறையில் தம்மைத் தமிழர்க்கு உழைத்த மருத்துவ ஊழியர் என்று பொறித்தால் போதும் என்பது அவர் விருப்பம். 1884 மே 28ஆம் நாள் அவர் மறைந்தார். இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய அவருடைய இந்து பதார்த்த சாரம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.